லீவில் வந்த பிள்ளை ஏன் தூங்குவதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் தருபவர் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, மனநல வார்டுகளில் நெடுங்காலம் பணியாற்றி, சுபேதாராக ஓய்வுபெற்றவர். இப்போது தருமபுரியில் குடியால் தவிக்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறார்.)

கேள்வி: என் மகனுக்கு வயது 20. அக்னிவீராகத் தேர்வாகி, பயிற்சி முடித்து, வடக்கே முதல் போஸ்டிங்கில் இருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன் லீவில் வந்தான். ஊரே பேனர் கட்டி, மேளம் அடித்து வரவேற்றது. அன்று ராத்திரி சிநேகிதர்களோடு மாந்தோப்பில் குடித்தான். சரி, ஒரு நாள்தானே என்று விட்டேன். அப்புறம் தினமும் சாயங்காலம் ஆனால் இருப்புக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான். ஒரு குவாட்டர், சில நாள் அதற்கும் மேலே. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறான். காலையில் டீ டம்ளரைக் கையில் எடுப்பதில்லை. திண்ணையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சுகிறான். கேட்டால், “பட்டாளத்துல எல்லாரும் இப்படித்தாம்மா” என்கிறான். லீவு முடியப் பத்து நாள்கூட இல்லை. சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கச் சொல்லி ஒரு பொடி வாங்கிவந்திருக்கிறார். கோயிலில் கயிறு கட்டவும் சொல்கிறார்கள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே நிலையில் கதவைச் சாத்திக்கொண்டு அழும் மற்ற வீடுகளுக்காகவும்தான்.

முதலில் அந்தப் பொடியைத் தூக்கிப் போடுங்கள். இப்படிக் கைமாறி வரும் பொடிகளில் டைசல்பிராம் என்ற மாத்திரையைத் தூளாக்கிச் சேர்த்திருக்க வாய்ப்புண்டு. அது உண்மையான மருந்துதான். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு, குடியை நிறுத்திக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகு, டாக்டர் தரவேண்டிய மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். தான் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாத பையன் வழக்கம்போல மாந்தோப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கயிறு கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். அவனாக மனசு வைத்துக் கட்டிக்கொண்டால் அது அவனுக்கு ஒரு பிடிமானம். ஆனால் கயிறு கட்டிய அன்றே, மருத்துவ உதவி இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த டம்ளர்தான் காரணம்.

கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி அது. காலையில் டம்ளரைத் தூக்க முடியாத அளவுக்குக் கை நடுங்குகிறது என்றால், ராத்திரி குடித்தது இறங்கியதும் உடம்பு மறுபடி கேட்கிறது என்று பொருள். மூன்று வாரக் குடிக்குப் பெரும்பாலும் இவ்வளவு நடுக்கம் வராது. குடி மாந்தோப்பில் தொடங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். போஸ்டிங்கிலேயே தொடங்கியிருக்க வேண்டும். குடிக்குப் பழகிய உடம்பில், கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது எல்லாம் கண்ணில் தெரியும்.

இதைப் பயணத்தோடு சேர்த்துப் பாருங்கள். கிளம்பும் முன் ராத்திரி நன்றாகக் குடித்துவிட்டு, காலையில் சேலத்தில் ரயில் ஏறுவான். ரயிலில் குடிக்க முடியாது. மறுநாள் நாக்பூர் தாண்டும் நேரத்தில் மேல் பெர்த்தில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? லீவு முடிந்து இப்படிப் பயணத்தின் நடுவே வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயெல்லாம் ரத்தமாக வார்டுக்கு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனில் ஏற்றிவிட்ட அப்பா அம்மாவுக்கு அது தெரிந்தே இருக்காது.

அதனால் லீவு முடியும் வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப்போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நடுக்கம் அதிகமாக இருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அனுப்பவும் செய்வார்கள். அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனி மையம் உண்டு. டாக்டர் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தந்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார். அது சத்து ஊசிதானே என்று வேண்டாம் சொல்லாதீர்கள், மூளையைக் காப்பாற்றுவது அதுதான். எல்லாச் சீட்டுகளையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். லீவுக்குள் முடியாது என்று டாக்டர் சொன்னால், லீவு முடிவதற்கு முன்பே யூனிட்டுக்கும் பக்கத்து ராணுவ மருத்துவமனைக்கும் தகவல் போய்ச் சேரவேண்டும். தகவல் சொல்லாமல் ஒரு நாள் தாண்டினாலும், ராணுவச் சட்டம் 39-ஆவது பிரிவின்கீழ் குற்றம் ஆகிவிடும்.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறேன். எனக்கு உங்கள் மகனின் குடியைவிட அந்த இரண்டு மணிதான் பெரிய கவலை.

தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்கினானா, குடித்ததால் தூக்கம் கெட்டதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும். பின்ராத்திரித் தூக்கத்தை உடைத்துவிடும். உடைந்த தூக்கத்தில் பயம் கிளம்பும். மறுநாள் அந்தப் பயத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றுவான். வார்டில் பேசும்போது பையன்கள் யாரும் முதல் நாளே பாட்டிலைப் பற்றிப் பேச மாட்டார்கள். “தூக்கம் வரல சாப்” என்றுதான் தொடங்குவார்கள். அப்புறம் மெல்ல மெல்ல ஒன்று வெளியே வரும். வீரர்கள் தங்கும் பாரக்கில் இந்தி புரியாமல் எல்லாருக்கும் சிரிப்புப் பொருளானது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு நடந்த ஒரு கெட்டது. வீட்டுக் கடன். நாலு வருஷம் முடிந்ததும் கால்வாசிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு, அதில் நம் பெயர் இருக்குமா என்ற பயம். ஊர் பேனர் கட்டி வரவேற்ற பிறகு இதையெல்லாம் ஒரு பையன் யாரிடம் சொல்வான்?

உங்களிடம் சொல்வான், கேட்கும் விதத்தில் கேட்டால். குடித்திருக்கும்போது கேட்காதீர்கள். எதிரே உட்கார வைத்தும் கேட்காதீர்கள். தக்காளி பறிக்கும்போதோ, மாட்டுக்குத் தீவனம் வெட்டும்போதோ, கை வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, “ராத்திரி ரெண்டு மணிக்கு என்னப்பா நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்க?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும் வரை சும்மா இருங்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனை. உங்களுடையது தோட்டம் உள்ள வீடு என்று நினைக்கிறேன். பூச்சிமருந்தை இன்றைக்கே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். ஆமாம் என்று சொல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வேலை போய்விடுமா? உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். ராணுவத்தில் ‘ஷேப்’ என்று ஐந்து அம்சமாக உடல்தகுதி பார்ப்பார்கள், அதில் முதல் எழுத்து மனநலம். சிகிச்சை என்று போனால் அந்தத் தகுதியைச் சில மாதம் தற்காலிகமாகக் குறைத்து வைத்து, மறுபடி பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் ஆயுத டியூட்டியில் போடமாட்டார்கள். அது அவனுக்கு அவமானமாக இருக்கும். நாலு வருஷ அக்னிவீருக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். போதையில் பிடிபட்டால், டியூட்டியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராணுவச் சட்டம் 48-ஆவது பிரிவின்கீழ் குற்றம். தானாகப் போய் டாக்டரிடம் நின்றவனை நோயாளியாகப் பார்ப்பார்கள். ஆள் கணக்கெடுக்கும் ரோல்காலில் தள்ளாடி நின்றவனைக் குற்றவாளியாகப் பார்ப்பார்கள். தானாகப் போய் நின்ற பிறகு முழுச் சர்வீஸும் முடித்தவர்களை எனக்குத் தெரியும். மறைத்து மறைத்து நன்றாக முடிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் முன்னாள் ஹவில்தார். அக்கா மகன் புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான், வயது 20. லீவில் வந்தால் என் கேன்டீன் ரம்மில் இரண்டு பெக் நானே ஊற்றிக்கொடுக்கிறேன். டாஸ்மாக்கில் கண்டதைக் குடிப்பதற்கு இது மேல் இல்லையா? குளிரில் நாங்கள் குடிக்காத ரம்மா? பையனும் கெட்டிக்காரன், எவ்வளவு உள்ளே போனாலும் ஆடமாட்டான். ஆனால் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.
— காவேரிப்பட்டினம்

பதில்: அண்ணா, அவன்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன், நிறுத்திவிடுங்கள். அக்காவின் கோபம் நியாயமானது.

“ஆடமாட்டான்” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பயம்தான் வந்தது. இரண்டு பெக்கில் தலை சுற்றி, வாந்தி எடுத்துப் படுத்துவிடும் பையனை அவன் உடம்பே தடுக்கிறது. எவ்வளவு போனாலும் நிற்பவனுக்கு அந்தத் தடுப்பு இல்லை. பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் ஆபத்து இப்படிப்பட்டவர்களுக்கு அதிகம் என்பது ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம், குறிப்பாக அப்பா குடிநோயாளியாக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. அவன் அப்பா எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

அளவையும் கணக்குப் பாருங்கள். 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்தமான சாராயம் (ஆல்கஹால்) மட்டும் சுமார் 60 கிராம். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஓர் அளவு, ஆக ஒரு குவாட்டரில் ஆறு. உலக சுகாதார அமைப்பு குடிப்பழக்கத்தைச் சோதிக்க வைத்திருக்கும் பத்துக் கேள்விகளில் ஒன்று, ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறீர்கள் என்பது. நம்மூரில் “ஒரு குவாட்டர்தான்” என்று சொல்கிறோமே, அங்கேயே அந்தக் கோடு வந்துவிடுகிறது. வீட்டில் நாம் ஊற்றும் பெக் 30 மில்லியிலா நிற்கிறது? உங்களுக்கே தெரியும்.

குளிர் விஷயம்: ரம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பும், அதனால் சூடாகத் தெரியும். உள் உடம்பின் சூடு அதே நேரத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். பனியில் டியூட்டி நின்ற உங்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்புறம், தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவனுக்கு மது கொடுக்கக் கூடாது. உங்கள் கோட்டா உங்களுக்கு மட்டும்தான்.

அவனுக்கு உங்களிடமிருந்து கிடைக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதை வேறு யாராலும் தரமுடியாது. நீங்கள் ரங்ரூட்டாக, அதாவது புதுப் பயிற்சி வீரனாக, இருந்த முதல் ஆறு மாதத்தை அவனுக்குச் சொல்லுங்கள். பயிற்சி தரும் உஸ்தாத் கொடுத்த ரகடா தண்டனை, லங்கர் சமையல்கூடத்தில் சாதத்துக்கு ஏங்கினது, போர்வைக்குள் அழுதது எல்லாவற்றையும். அழுத ஹவில்தார் ஒருவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் அவனும் வாய் திறப்பான். அதற்கு ரம் வேண்டாம், டீ போதும். அக்காவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: தம்பி ராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்தால் குடிதான். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடுவான் என்று அப்பா பெண் பார்த்துவிட்டார். பெண் வீட்டில் குடிப்பதைச் சொல்லவில்லை. சொல்லலாமா?
— ஓசூர்

பதில்: சொல்லவேண்டும், நிச்சயத்துக்கு முன்பே. கல்யாணம் குடிக்கு மருந்து கிடையாது. வருஷத்தில் சில வாரம் மட்டும் வீட்டில் இருக்கும் புருஷன், அந்த வாரங்களிலும் போதையில் இருந்தால், அந்தப் பெண் மாமியார் வீட்டில் யாரோடு வாழ்வாள்? இதைத் தடுக்க வீட்டில் உங்களுக்குத்தான் மனசு வந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். அப்பா கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். தம்பி முதலில் சிகிச்சைக்குப் போகட்டும். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: ஐயா, நான் பயிற்சியில் இருக்கிறேன், வயது 19. இங்கே குடிக்க முடியாது. ஆனால் லீவில் ஊருக்கு வந்தபோது தினமும் குடித்தேன். அப்போதுதான் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. இங்கே திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ராத்திரி மூச்சு முட்டுகிறது, பி.டி.யில் கால் ஓடமாட்டேன் என்கிறது. உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டால் ரெலிகேட் பண்ணி அடுத்த பேட்சில் தள்ளிவிடுவார்கள். டாக்டரிடம் இந்தியில் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அடுத்த லீவுக்காக நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
— அரூர் பக்கத்துக் கிராமம்

பதில்: தம்பி, 1600 மீட்டரை ஓடி, ஆயிரக்கணக்கான பேரில் தேறி வந்த கால் உன்னுடையது. அது ஓடமாட்டேன் என்கிறது என்றால் காலில் கோளாறு இல்லை. நீ எழுதியிருப்பது பதற்ற நோயின் அறிகுறிகள் போலத் தெரிகிறது. டாக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. குடி அந்தப் பதற்றத்தைச் சில மணி நேரம் அமுக்கி வைக்கும், அப்புறம் முன்னைவிடப் பெரிதாக்கிக் கொடுக்கும். திரும்பி வந்ததும் உனக்கு நடந்தது அதுதான்.

ரெலிகேஷன் பயம் எனக்குப் புரிகிறது. கூட வந்தவர்கள் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் நிற்கும்போது நீ மட்டும் ஓரமாகப் பார்த்துக்கொண்டு நிற்பது வலிக்கும். ஆனால் ஒரு பேட்ச் தள்ளிப்போனவனும் சிப்பாய்தான். அடுத்த லீவை நோக்கி நாள் எண்ணுகிறாயே, அதைத்தான் நான் இப்போது தடுக்கப் பார்க்கிறேன். அந்த லீவில் நீ குடிக்கப்போவது இதைவிட அதிகமாக இருக்கும்.

எம்.ஐ. ரூமில், அதாவது அங்குள்ள மருத்துவ அறையில், வரிசையில் நிற்கும்போது, நர்சிங் அசிஸ்டென்ட் என்ன என்று கேட்டால் வயிற்று வலி, தலைவலி என்று சொல்லிவிடாதே. பையன்கள் செய்வது அதுதான், மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். டாக்டர் சாபிடம் நேராக இதைச் சொல்: “சாப், ராத் கோ நீந்த் நஹீ ஆத்தி. தில் கப்ராத்தா ஹை. சுட்டி மே(ன்) ரோஸ் தாரு பீத்தா தா.” தூக்கம் வரவில்லை, மனசு பதறுகிறது, லீவில் தினமும் குடித்தேன், அவ்வளவுதான். ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள். வாய் வராவிட்டால் சீட்டை நீட்டு. தமிழ் தெரிந்த சீனியர் யாராவது இருந்தால் கூட்டிப்போ, தென்னிந்தியப் பையன்கள் இல்லாத சென்டர் எங்கே இருக்கிறது? குடித்ததை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைக்காதே. அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் தரும் மருந்து பொருந்தாமல் போகலாம்.

“எல்லாரும் குடிக்கிறார்கள்” என்று ஊரில் உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். மத்திய அரசு எய்ம்ஸ் மூலம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 சதவீதம். நாலு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் குடிப்பதில்லை. அடுத்த லீவில் அந்த மூன்று பேரில் ஒருவனாகப் பார்த்துச் சேர்ந்துகொள். மாந்தோப்புக் கூட்டத்திடம் “மருந்து சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்று சொல். சிகிச்சை தொடங்கியிருந்தால் அது பொய்யும் இல்லை.

போன் கையில் கிடைக்கும் நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைக்கலாம். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். குடி பற்றி மட்டும் பேசவேண்டுமென்றால் 14446. வீட்டில் அப்பா அம்மாவுக்கும் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துவை. ராத்திரி மூச்சு முட்டும்போது எழுந்து உட்கார்ந்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட்டுக்கொண்டிரு, சில நிமிஷத்தில் தணியும். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் சிக் ரிப்போர்ட் நேரத்துக்குக் காத்திருக்காதே. அந்த நிமிஷமே நைட் டியூட்டியில் இருப்பவரைப் போய் எழுப்பு. சீட்டு எழுதிவிட்டாயா, எம்.ஐ. ரூமுக்குப் போனாயா என்று எனக்கு ஒரு கடிதம் போடு.